ஃபார்மட் போட்டால் விண்டோஸ் உரிமம் அழிந்துவிடுமா?

வாசகி ஒருவரின் நீண்ட கடிதத்தை, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன். கொங்குப் பகுதியில் வசிக்கும் அவர் வீட்டில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒன்று, மகளின் ஆன்லைன் வகுப்புக்காக 2021இல் ஷோரூமில் வாங்கிய மடிக்கணினி. அது விண்டோஸ் 10 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்புடனே வந்து, பின்னர் கட்டணம் இல்லாமல் விண்டோஸ் 11க்கு மாறியது. மற்றொன்று, 2017இல் அசெம்பிள் செய்த மேசைக் கணினி. அதற்கென விண்டோஸ் 10 ஹோம் பதிப்பைத் தனியாக வாங்கி, ரசீதையும் பத்திரமாக வைத்திருக்கிறார். இந்தக் கணினியில்தான் அவர் இரண்டு ஜவுளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் குடும்பச் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறார்.

மடிக்கணினியின் ஹார்டு டிஸ்க் பழுதானபோது, தெருமுனை சர்வீஸ் கடையில் புதிய எஸ்எஸ்டி போட்டு, "ஒரிஜினல் விண்டோஸ் 11 ப்ரோ" ஏற்றித் தந்ததாகச் சொல்லி அதற்குத் தனியாக 1,200 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள், பில் தரவில்லை. ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து, விண்டோஸ் உரிமம் விரைவில் காலாவதியாகப் போகிறது என்ற அறிவிப்பு திரையில் வந்திருக்கிறது. கடைக்காரரோ, பழைய ஹார்டு டிஸ்க்கோடு கம்பெனி கீயும் (விண்டோஸைத் திறக்கும் குறியீட்டு எண்) போய்விட்டது, புதிய கீக்கு 3,500 ரூபாய் ஆகும் என்கிறார். இதற்கிடையே மின்னழுத்த ஏற்றத்தில் மேசைக் கணினியின் மதர்போர்டு கருகியது. வேறு போர்டு மாற்றி விண்டோஸை ஏற்றி, பெட்டியில் இருந்த பழைய கீயைக் கொடுத்தபோது 'சி008' என்று முடியும் பிழை எண்ணைக் காட்டி மறுத்துவிட்டது. உறவினர் ஒருவரின் யோசனைப்படி இணையச் சந்தையில் 449 ரூபாய்க்கு ஒரு ப்ரோ கீ வாங்கினார். விற்றவர் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலி வழியாக உள்ளே வந்து ஏதோ செய்துவிட்டுப் போனார். சில வாரங்களில் அதுவும் 'சி003' என்ற பிழையுடன் நின்றது. கடைசியாக, மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுவதாக ஒருவர் தொலைபேசியில் அழைத்து, திருட்டு மென்பொருள் வழக்கைத் தவிர்க்க அபராதம் கட்டச் சொல்லியிருக்கிறார்.

"காசு கொடுத்து வாங்கிய உரிமங்கள் அழிந்துவிட்டனவா? போலீஸ் வருமா? கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?" என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், அந்த 3,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியவற்றை வைத்துப் பார்த்தால், மடிக்கணினியின் உரிமம் அழியவில்லை. அது இப்போதும் அந்த மடிக்கணினிக்குள்ளேயே இருக்கிறது. மேசைக் கணினியின் உரிமமும் மீளக்கூடிய நிலையில் இருக்க வாய்ப்பு உண்டு. அதற்கு நிபந்தனைகள் உள்ளன, கீழே விளக்குகிறேன். ஆக, நீங்கள் ஏற்கெனவே விலை கொடுத்துப் பெற்ற உரிமைக்கு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் விலை கேட்கப்பட்டிருக்கிறது. சட்டத்தின் கண்ணில் உங்களுடைய முதன்மையான நிலை குற்றம் செய்தவர் என்பதல்ல, ஏமாற்றப்பட்ட நுகர்வோர் என்பதே. ஆனால் இந்தப் பதிலைப் படித்த பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

உரிமம் ஹார்டு டிஸ்க்கில் இருப்பதில்லை

உங்கள் கடிதத்தில் அடித்தளமாக இருக்கும் தவறான நம்பிக்கை, 25 எழுத்தும் எண்ணும் கொண்ட கீயே உரிமம் என்பதும், அது டிஸ்க்கில் எழுதப்பட்டிருக்கிறது என்பதும்தான். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில்தான் வீட்டுக் கணினிகளுக்கு ஆக்டிவேஷன் முறை, அதாவது கீ முறையானதா என்று மைக்ரோசாஃப்டிடம் சரிபார்க்கும் ஏற்பாடு, பரவலாகப் புகுந்தது. அப்போதெல்லாம் கணினியின் பக்கவாட்டிலோ மடிக்கணினியின் அடியிலோ கீ அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அது தேய்ந்துபோனால் திண்டாட்டம்தான். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, கணினித் தயாரிப்பாளர்கள் அந்தக் கீயை மதர்போர்டின் நிலைநினைவகத்திலேயே பதித்து அனுப்பத் தொடங்கினார்கள். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது இன்னொரு ஏற்பாடும் சேர்ந்தது. ஒருமுறை முறையாக ஆக்டிவேட் ஆன கணினியின் வன்பொருள் அடையாளம் மைக்ரோசாஃப்டின் சர்வரில் டிஜிட்டல் உரிமமாகப் பதிவாகிவிடுகிறது. அதே கணினியில் அதே பதிப்பைத் திரும்ப ஏற்றி இணையத்தில் இணைத்தால், கீ எதுவும் கேட்காமலே ஆக்டிவேட் ஆகிவிடும். 2016 முதல் அந்த உரிமத்தை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணைத்து வைக்கவும் வழி வந்தது.

எனவே ஹார்டு டிஸ்க்கை மாற்றுவதாலோ, ஃபார்மட் போடுவதாலோ, ரேம் கூட்டுவதாலோ உரிமம் போய்விடாது. மதர்போர்டு மாறும்போதுதான் சிக்கல் வருகிறது; ஏனென்றால் சர்வரின் பார்வையில் அது வேறு கணினி. உங்கள் வீட்டில் ஒரு கணினியில் டிஸ்க்கும் மற்றொன்றில் மதர்போர்டும் மாறியிருக்கின்றன. இரண்டையும் ஒரே வகைச் சிக்கலாக எண்ணியதால்தான் தேவையில்லாத செலவு நேர்ந்தது.

மடிக்கணினி: தவறான பதிப்பு, தற்காலிக ஏமாற்று

உங்கள் மடிக்கணினியில் பதிந்திருப்பது ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்புக்கான கீ. கடையில் ஏற்றியதோ ப்ரோ. ஹோம் உரிமம் ப்ரோ பதிப்பைத் திறக்காது. கடைக்காரர் சரியான பதிப்பை ஏற்றியிருந்தால் கீ என்ற பேச்சே எழுந்திருக்காது. பல சர்வீஸ் கடைகளில் ஒரே பென்டிரைவை வைத்து எல்லாக் கணினிகளுக்கும் ப்ரோ ஏற்றுகிறார்கள். அது ஆக்டிவேட் ஆகாதபோது, உரிமம் இருப்பதுபோல் ஏமாற்றும் கிராக் கருவி ஒன்றை ஓடவிடுகிறார்கள்.

ஆறு மாதத்தில் காலாவதி அறிவிப்பு வந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இதில் எனக்கு மிகப் பெரிய தடயம். வீட்டுப் பயன்பாட்டுக்காக விற்கப்படும் விண்டோஸ் உரிமம் எதற்கும் காலாவதித் தேதி கிடையாது. ஆனால் பெரிய நிறுவனங்களுக்கென இருக்கும் கேஎம்எஸ் என்ற ஆக்டிவேஷன் முறை 180 நாட்களுக்கு மட்டுமே செல்லும். நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு கொண்டு அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். திருட்டுக் கருவிகள் இந்தச் சர்வரைப் போல நடித்து ஆக்டிவேட் செய்கின்றன. 180 நாள் என்பது ஆறு மாதம். உங்களுக்கு "ஒரிஜினல்" என்று விற்கப்பட்டது எது என்பதை இந்தக் கணக்கே ஏறக்குறையச் சொல்லிவிடுகிறது.

அதை உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் சிறு பெட்டியில், எஸ், எல், எம், ஜி, ஆர் ஆகிய ஆங்கிலச் சிற்றெழுத்துகளை இடைவெளியின்றி அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு இட்டு, டி, எல், ஐ என்று அடித்து எண்டர் தட்டுங்கள். சில நொடிகளில் ஒரு பெட்டி திறந்து, உரிமம் எந்த வழியில் வந்தது என்பதைக் காட்டும். அதில் 'வால்யூம்', 'கேஎம்எஸ் கிளையன்ட்' என்ற சொற்கள் இருந்தால், உங்கள் வீட்டுக் கணினியில் ஒரு நிறுவனத்துக்கான உரிம முறை போலியாக இயங்குகிறது என்று பொருள். கணினித் தயாரிப்பாளர் ஏற்றித் தந்த உரிமமாக இருந்தால் 'ஓஇஎம்' என்றும், கடையில் தனியாக வாங்கியதாக இருந்தால் 'ரீடெய்ல்' என்றும் இருக்கும்.

இந்தத் திரையைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். காலாவதி அறிவிப்பையும், கணினியின் பெயரும் பதிப்பும் தெரியும் பக்கத்தையும் எடுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம், கணினியைச் சரிசெய்ய நீங்கள் அடுத்து எடுக்கப்போகும் நடவடிக்கை, கடைக்காரருக்கு எதிரான சாட்சியத்தை முழுமையாக அழித்துவிடும். ஃபார்மட் போட்டபின் நுகர்வோர் ஆணையத்தில் போய் "கிராக் போட்டிருந்தார்" என்று சொன்னால், காட்டுவதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது.

படம் எடுத்த பிறகு, மகளின் கோப்புகளை வெளிச் சேமிப்பகத்தில் நகலெடுங்கள். இன்னொரு நல்ல கணினியில் மைக்ரோசாஃப்டின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்து விண்டோஸ் 11 நிறுவல் கருவியை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றுங்கள். நிறுவும்போது எஸ்எஸ்டியில் உள்ள பழைய பகுதிகளை முழுவதும் அழித்துவிடுங்கள். மதர்போர்டில் பதிந்த கீயை நிறுவல் நிரல் தானே படித்துச் சரியான பதிப்பைத் தேர்ந்துகொள்ளும். ஒருவேளை கீ கேட்டால், கீ இல்லை என்ற வாய்ப்பை அழுத்திவிட்டு, ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். இணையம் கிடைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். கல்லூரி மாணவியான உங்கள் மகளே நிதானமாகச் செய்யக்கூடிய வேலை இது.

நகலெடுப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பிட்லாக்கர் எனும் பூட்டு இயங்கும் கணினிகளில், நீலத்திரையில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்பதுண்டு. அதையும் விண்டோஸ் கீ என்று நினைத்துக் கடைக்கு ஓடி, அங்கே தரவு முழுவதும் அழிக்கப்பட்டுத் தவித்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அது உரிமத்தோடு தொடர்பே இல்லாத, உங்கள் கோப்புகளுக்கான மீட்பு எண். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். வேலையைத் தொடங்கும் முன்பே கணக்கில் நுழைந்து அதைப் பார்த்து எழுதி வையுங்கள்.

மேசைக் கணினி: பெட்டியைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்

இங்கே விடை நீங்கள் 2017இல் வாங்கியது எந்த வகை என்பதைப் பொறுத்தது. ரீடெய்ல் பெட்டி என்றால், அந்த உரிமத்தை ஒரு கணினியிலிருந்து நீக்கி இன்னொரு கணினிக்குக் கொண்டுபோக உரிம ஒப்பந்தமே அனுமதிக்கிறது. ஒரே நேரத்தில் ஒரு கணினியில் மட்டும் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஆனால் நம் ஊர்க் கடைகளில் விலை குறைவு என்பதால் ஓஇஎம் டிவிடி உறைகளையும் "பெட்டி விண்டோஸ்" என்று சொல்லியே விற்றார்கள். கணினி அசெம்பிள் செய்து விற்பவருக்கென வெளியிடப்பட்ட அந்த உரிமம், முதலில் ஏற்றிய கணினியோடு பிணைந்தது. உறையிலும் ரசீதிலும் 'ஓஇஎம்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரீடெய்ல் என்று உறுதியானால் உங்கள் நிலை வலுவானது. 'சி008' என்று முடியும் பிழை, கீ போலி என்று சொல்லவில்லை. அது ஏற்கெனவே வேறு கணினியில் பயன்பாட்டில் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. அந்த "வேறு கணினி", கருகிப்போன உங்கள் பழைய போர்டுதான். முன்பு மைக்ரோசாஃப்ட் கணக்குடன் உரிமத்தை இணைத்திருந்தால், அமைப்புகளில் ஆக்டிவேஷன் பகுதியில் உள்ள சிக்கல் தீர்க்கும் கருவியில், அண்மையில் வன்பொருள் மாற்றியதாகக் குறிப்பிட்டு நீங்களே சரிசெய்யலாம். இணைக்கவில்லை என்றால், மைக்ரோசாஃப்டின் ஆதரவுப் பிரிவை அதிகாரப்பூர்வ தளம் வழியாக அணுகி, ரசீதையும் பெட்டியின் படத்தையும் காட்டி, பழைய போர்டு பழுதாகி அகற்றப்பட்டதைச் சொல்லுங்கள். ஓஇஎம் உறையாக இருந்தாலும், போர்டை மேம்படுத்துவதற்காக மாற்றவில்லை, பழுதானதால்தான் மாற்றினீர்கள் என்பதைச் சொல்லிக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அங்கே அதை உரிமையாகக் கோர முடியும் என்று நான் உறுதி தரமாட்டேன். மறுத்துவிட்டால், புதிய உரிமம் வாங்க வேண்டியதுதான்.

இரண்டு நடைமுறைச் செய்திகள். 449 ரூபாய் கீ உங்கள் கணினியை ப்ரோ பதிப்பாக மாற்றியிருக்கிறது. உங்கள் பழைய உரிமமோ ஹோம். ப்ரோவிலிருந்து ஹோமுக்கு இறங்க நேர்வழி இல்லை, முழுவதும் அழித்துத் திரும்ப ஏற்ற வேண்டும். அடுத்து, விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. புதிய மதர்போர்டும் பிராசஸரும் விண்டோஸ் 11க்கு ஏற்றவையாக இருந்தால் அதையே நேரடியாக ஏற்றுங்கள். முறையான விண்டோஸ் 10 கீ அதற்கும் செல்லும். பிறர் கணக்குகளை வைத்திருக்கும் கணினி, பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாமல் ஓடக்கூடாது. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை கட்டணமும் கீயும் இல்லாதவை. மகளின் கணினிக்கென்றால் தயங்காமல் சொல்லியிருப்பேன். ஆனால் டேலி போன்ற கணக்கு மென்பொருள்கள் விண்டோஸை நம்பியே எழுதப்பட்டவை என்பதால், உங்கள் தொழிலுக்கு அது எளிதாக ஒத்துவராது.

449 ரூபாய் கீ ஏன் செத்தது?

'சி003' என்றால், அந்தக் கீ தடைசெய்யப்பட்டுவிட்டது என்று பொருள். இவ்வளவு மலிவான கீகள் பெரும்பாலும் நிறுவனங்களுக்குத் தொகுதியாக வழங்கப்பட்ட எண்கள் கசிந்தவையாகவோ, உடைத்து எறிந்த கணினிகளிலிருந்து எடுத்தவையாகவோ, திருடிய கிரெடிட் கார்டில் வாங்கியவையாகவோ இருக்கின்றன. பலருக்கு விற்கப்பட்டு, எண்ணிக்கை மீறும்போது தடை விழுகிறது. வீட்டுச் சாவி கையில் இருப்பதால் வீடு நம்முடையதாகிவிடாது, பத்திரம் வேண்டும். கீ சாவிதான், ரசீது, உரிம ஒப்பந்தம், அதை விற்க அதிகாரம் உள்ளவர் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பத்திரம்.

விற்பனைப் பக்கத்தில் "ஐரோப்பிய நீதிமன்றமே அனுமதித்தது" என்று இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். 2012இல் யூஸ்டுசாஃப்ட் வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், பயன்படுத்திய மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் முதலில் வாங்கியவர் தம்முடைய பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி நீக்க வேண்டும், தொகுதி உரிமத்தைப் பிரித்து விற்கக்கூடாது என்ற நிபந்தனைகளை அதே தீர்ப்பு விதிக்கிறது. மேலும் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். இந்தியாவில் ஒரு விற்பனையாளர் அதைக் கேடயமாகப் பிடிக்க முடியாது.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது, அந்த நபர் தொலைவிலிருந்து உங்கள் கணினிக்குள் வந்ததுதான். அவர் என்ன ஏற்றினார் என்று நமக்குத் தெரியாது. கிராக் கருவிகளை ஓடவிட வைரஸ் தடுப்பை முதலில் நிறுத்துவது வழக்கம். ஆகவே அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, உங்கள் வங்கி, மின்னஞ்சல், ஜிஎஸ்டி தளக் கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து இன்றே மாற்றுங்கள். அந்த இரண்டு கடைக்காரர்களின் கடவுச்சொற்களும் அதில் சேமிக்கப்பட்டிருந்தால், சங்கடமாக இருந்தாலும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

சட்டம் உங்களை எப்படிப் பார்க்கிறது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52(1)(ஏஏ) பிரிவு, ஒரு கணினி நிரலின் பிரதியை முறையாக வைத்திருப்பவர், அது எதற்காகத் தரப்பட்டதோ அந்த நோக்கத்துக்காக நகலெடுப்பதையும், இழப்பிலிருந்து காக்கக் காப்புப் பிரதி எடுப்பதையும் மீறலாகக் கருதவில்லை. உரிமம் உள்ள கணினியில் அதே பதிப்பைத் திரும்ப ஏற்றுவதற்கு நீங்கள் யாரிடமும் அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டிய பிரிவு 63பி. மீறல் பிரதி என்று அறிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்துபவருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது வழிசெய்கிறது. இலாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால், நீதிமன்றம் உரிய காரணங்களைத் தீர்ப்பில் குறிப்பிட்டு, சிறைத் தண்டனையை விட்டுவிட்டு 50,000 ரூபாய் வரையிலான அபராதத்தோடு நிறுத்தலாம். இப்பிரிவின் உயிர் 'அறிந்தே' என்ற நிபந்தனையில் இருக்கிறது. "ஒரிஜினல்" என்று சொல்லிக் காசு வாங்கியவரை நம்பிய நீங்கள் இதுவரை அறிந்து செய்யவில்லை. ஆனால் இப்போது அறிந்துவிட்டீர்கள். வீட்டில்தானே இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே தொடர்ந்தால் அந்தப் பாதுகாப்பு மெலிந்துவிடும். மேசைக் கணினியில் நீங்கள் சம்பாதிப்பதற்காக வேலை செய்வதால், வீட்டுப் பயன்பாட்டுக்கான அந்தச் சலுகையும் உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே வரிசையில் முதலில் சரிசெய்ய வேண்டியது மேசைக் கணினிதான். அதில் உள்ள கணக்கு மென்பொருளும் யாருடைய பென்டிரைவிலிருந்தாவது வந்ததா என்று அப்படியே பார்த்துவிடுங்கள்.

போலி நிரலை ஏற்றி விற்றவரின் நிலை வேறு. அது 63ஆம் பிரிவின்கீழ் வரும் மீறல்; ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்குரியது. அந்தப் பிரிவின்கீழான குற்றம், வாரண்ட் இன்றிக் கைது செய்யத்தக்கது, பிணையில் விடத்தக்கதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2022இல் நிட் புரோ வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. இருந்தாலும் உங்கள் நோக்கம் பணத்தைத் திரும்பப் பெறுவது என்பதால், காவல் நிலையத்தை விட நுகர்வோர் வழியையே நான் பரிந்துரைப்பேன்.

பணத்தைத் திரும்பக் கேட்பது

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, போலியை ஒரிஜினல் என்று சொல்லி விற்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பதையும் அதே வரையறை தனியாகச் சேர்த்திருக்கிறது. கணக்கு எழுதிச் சம்பாதிப்பதால் நீங்கள் "நுகர்வோர்" அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். சுயதொழிலால் வாழ்க்கை நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. பொட்டலமாக விற்கப்படும் மென்பொருளும் ஒரு சரக்கே என்று உச்ச நீதிமன்றம் 2004இல் டாடா கன்சல்டன்சி வழக்கில், விற்பனை வரி தொடர்பாக, சொல்லியிருப்பதும் உங்கள் பக்கம் எடுத்துச் சொல்லத் தக்கது.

சர்வீஸ் கடைக்கு முதலில் வழக்கு வேண்டாம், ஒரு கடிதம் போதும். எந்தத் தேதியில் என்ன சொல்லி எவ்வளவு வாங்கினார், கணினியில் இப்போது என்ன இருக்கிறது என்பதை எழுதி, 1,200 ரூபாயைப் பதினைந்து நாளுக்குள் திருப்பித் தரும்படி கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பில் இல்லை என்பதால் சோர்ந்துவிடாதீர்கள். யுபிஐ மூலம் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவும், வாட்ஸ்அப்பில் அவர் 3,500 கேட்ட செய்தியும் சாட்சியமே. பெரும்பாலான கடைக்காரர்கள் இந்தக் கட்டத்திலேயே வழிக்கு வந்துவிடுவார்கள்.

இணையச் சந்தைக்கு, அதன் குறைதீர்ப்பு அலுவலரின் பெயருக்கே புகார் எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். 449 ரூபாய்க்காக ஆணையம் வரை போவதா என்று நீங்கள் தயங்கினால் அதைத் தவறென்று சொல்லமாட்டேன். அலைச்சலையும் எடைபோட வேண்டும். ஆனால் குறைதீர்ப்பு அலுவலருக்கான புகாரையாவது விட்டுவிடாதீர்கள். அந்த விற்பனையாளரின் பக்கம் நீக்கப்பட்டால், அடுத்து வாங்கவிருந்தவராவது தப்பிப்பார்.

அந்தத் தொலைபேசி அழைப்பு

மைக்ரோசாஃப்ட் யாரையும் தானாக அழைத்து அபராதம் கேட்பதில்லை. பதிப்புரிமைக் குற்றத்துக்கு அபராதம் விதிப்பது நீதிமன்றம். தொலைபேசியில் யாரோ சொல்லும் கணக்குக்கு அதை அனுப்ப முடியாது. ஆள்மாறாட்டம் செய்து கணினி அல்லது தொலைபேசி வழியாக ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். உங்களுக்குக் கீ விற்றவரிடம் உங்கள் எண் இருக்கிறது, உங்கள் கணினி நிலையும் அவருக்குத் தெரியும் என்பதை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். இரண்டும் ஒருவரே என்று நான் சொல்லவில்லை. ஆனால் புகாரில் இரண்டையும் எழுதுங்கள். பணம் அனுப்பவில்லை என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள், நல்லது. அழைத்த எண், நேரம் ஆகியவற்றை எழுதி தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியுங்கள். தவறுதலாக எப்போதாவது பணம் போய்விட்டால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் தடுத்து நிறுத்த அதுவே வழி.

இனி எந்தக் கடையில் கணினியைக் கொடுத்தாலும், பில்லில் மூன்று விவரங்களை எழுதச் சொல்லுங்கள்: ஏற்றிய விண்டோஸ் பதிப்பின் முழுப் பெயர், அது உங்கள் பழைய உரிமத்தில் ஆக்டிவேட் ஆனதா அல்லது புதிதாக விற்கப்பட்டதா, புதியது என்றால் அது ரீடெய்லா ஓஇஎம்மா என்பது. கணினியை வாங்கும்போதே கடையிலேயே அமைப்புகளைத் திறந்து, ஆக்டிவேஷன் பக்கத்தில் டிஜிட்டல் உரிமம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இதை எழுதித் தர மறுக்கும் கடையில் கணினியை விட்டுவிட்டு வராதீர்கள்.